எந்த அலெக்சாண்டர் மேர்?

போர்ட்லாரிக் துறைமுகத் தெருவில் நின்றுகொண்டு "மேர்" என்று எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் நூற்றிருபது வீடு. எண்பது வீட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் மேர்தான். மிச்சமுள்ள நாற்பதிலும் மருமகளாக வந்தவள் மேர் வீட்டுப் பெண்ணாக இருப்பாள். கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பெயரை விடாதவர்கள் அந்தக் கரைப் பெண்கள். பிள்ளைகளுக்கு வைக்கிற பெயரிலாவது தாராளம் உண்டா என்றால் அதுவும் கிடையாது. தாத்தா பெயர் மூத்தவனுக்கு, அம்மாவைப் பெற்றவர் பெயர் அடுத்தவனுக்கு என்று அலெக்சாண்டர், ஜான், வில்லியம், ஜேம்ஸ் என்ற நாலு பெயரையே ஊர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒருமுறை வெளியூர் மருத்துவர் ஜான் மேருக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பிய பேதி மருந்தை இன்னொரு ஜான் மேர் குடித்துவிட்டு மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை.

அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கேலியில் பிறந்திருக்கலாம், ஆனால் கேலிக்கு வைத்துக்கொண்டதில்லை. தபால்காரர் அதைப் பார்த்துத்தான் கடிதம் கொடுப்பார். வாக்காளர் பட்டியலில் அது அச்சாகியிருக்கும். பாதிரியார் கல்யாண ஓலை வாசிக்கும்போது அதை விட்டுவிட்டால் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று தேவாலயமே சலசலக்கும்.

எல்ஸ்பெட் மேர் வீட்டுப் பட்டப்பெயர் பார்ட்டன். அவர்கள் பேச்சில் பார்ட்டன் என்றால் நண்டு. ஊருக்கு அவள் பார்ட்டன் எப்பி.

அந்தப் பெயர் வந்த கதை இப்படி. எப்பியின் பாட்டனுக்கு அப்பன் காலத்தில் ஒரு வருஷம் மீன் சுத்தமாக இல்லை. நிலக்கிழாரின் அதிகாரி குத்தகைப் பாக்கிக்குப் படகை ஜப்தி செய்ய இரண்டு ஆட்களோடு வந்தான். மனுஷர் அவனைத் தாண்டி நேராகக் கரைக்குப் போனார். கரையில் கிடந்த படகுக்குள் ஏறிக் குப்புறப் படுத்து விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். காலைப் பிடித்து இழுத்தார்கள். விரலைக் கம்பியால் நெம்பினார்கள். உடும்புப் பிடி என்பார்களே, அந்தக் கரையில் அதற்கு நண்டுப் பிடி என்று பெயர். அரைநாள் இப்படியே போக, கடல் ஏறிவிட்டது. அதிகாரி பூட்ஸ் நனைந்து கரைக்கு ஓட, படகு தானாக மிதந்தது. அவர் எழுந்து துடுப்பை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். அன்று முதல் அவர் பார்ட்டன். அவருக்குக் கால் கோணல், பக்கவாட்டில் நடப்பார், அதனால் வந்த பெயர் என்று வேறு ஒரு கதையும் உண்டு. அதைச் சொன்னவர்கள் எப்பி வீட்டில் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை.

எப்பி பதினைந்து வயதில் மீன் கத்தியைக் கையில் எடுத்தாள். ஹெர்ரிங் மீன் கூட்டம் போகிற வழியெல்லாம் படகுகள் போகும். படகுகள் போகிற துறைக்கெல்லாம் பெண்கள் ரயிலில் போவார்கள். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு குழு. இரண்டு பேர் குடலை உருவுவார்கள், ஒருத்தி பீப்பாயில் உப்புப் போட்டு அடுக்குவாள். எப்பியும் அடுத்த வீட்டு நெல்சியும் உருவுகிறவர்கள். நெல்சி வீட்டுக்குப் பட்டப்பெயர் டூ, அதாவது புறா. கத்தி வெட்டாமலும் உப்புக் கடிக்காமலும் இருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நிமிஷத்துக்கு ஐம்பது மீன் என்று அள்ளிப் போடுவாள் எப்பி. பேச்சும் அதே கணக்குதான், வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

இருபத்தோராம் வயதில் அவள் யார்மத் துறையிலிருந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஊருக்கு வந்தாள். கல்யாணம் ஆகவில்லை. தேவாலய மூப்பர்கள் ஆறு பேர் கறுப்புக் கோட்டுப் போட்டு வரிசையாக உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்டார்கள்.

"பிள்ளைக்கு அம்மா நான். அது போதாதா?" என்றாள் எப்பி.

"ஞானஸ்நானப் புத்தகத்துல பேர் எழுதணும், பெண்ணே."

"எழுதுங்க. மேர்தானே எழுதணும்? நான் மேர். பார்ட்டன்தானே எழுதணும்? நான் பார்ட்டன். எங்கப்பா பேரு அலெக்சாண்டர். மூணு பேரு ஆச்சு. அதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு எத்தனை பேரு வேணும்?"

ஊர் ஆளுக்கொரு பெயரைச் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எப்பி சாகும்வரை சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அலெக்சாண்டரை வீட்டில் அலிக் என்று கூப்பிட்டார்கள். தோள் அகலம், பாட்டு மட்டும் கர்ணகடூரம். நெல்சியின் மகன் பெயரும் அலெக்சாண்டர் மேர்தான், அவனும் அலிக்தான். இரண்டு பேரும் ஒரே கஞ்சிப் பானையில் வளர்ந்தார்கள். "பார்ட்டன் அலிக், டூ அலிக்" என்று ஒரே மூச்சில் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாக ஓடி வரும். யுத்தம் வந்ததும் ஊர்ப் படகுகளையெல்லாம் கடற்படை எடுத்துக்கொண்டது, படகோடு ஆட்களையும். பார்ட்டன் அலிக் தன் பெட்டி மூடியில் பேனாக்கத்தியால் ஒரு நண்டைக் கீறிக்கொண்டு போனான். கொடுக்கு ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வந்துவிட்டது. "ஒத்தக் கை பெருத்த நண்டுக்குப் பலம் ஜாஸ்திம்மா" என்றான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம் மே மாதம் தந்தி வந்தது. இத்தாலிப் பக்கத்துக் கடலில் படகு கண்ணிவெடியில் சிக்கியதாகவும் போர்ட்லாரிக் அலெக்சாண்டர் மேர் இறந்ததாகவும் எழுதியிருந்தது. "திருமதி மேருக்கு" என்று விலாசம். அப்படி ஒருத்தி அந்த ஊரில் கிடையாது, அல்லது எண்பது பேர் உண்டு. கடற்படை அலுவலகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பட்டப்பெயரைத் தேவையில்லாத வார்த்தை என்று விட்டுவிட்டான். தபால் நிலைய அம்மாள் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்தக் கடலில் இருந்தது ஊரின் இரண்டு அலெக்சாண்டர் மேர்கள். அவர்களில் எப்பியின் மகனிடமிருந்து முந்தின நாள்தான் படம் போட்ட அட்டை ஒன்று வந்திருந்தது. அவளே கொடுத்த அட்டை. அது மூன்று வாரத்துக்கு முன் எழுதியது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தந்தியை நெல்சி வீட்டில் கொடுத்தாள்.

நெல்சி போட்ட சத்தம் எப்பிக்குச் சுவரைத் தாண்டிக் கேட்டது. ஓடினாள். சாவு வீட்டு வழக்கப்படி சன்னல் திரையை இறக்கினாள், அடுப்பை மூட்டினாள், சூப் காய்ச்சினாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தவளைத் தூக்கி உட்காரவைத்துத் தலைவாரினாள். இரண்டு நாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளும், கரண்டியைப் பிடித்த கையும் அழுகிற முகமுமாக இருந்தபோதே, உள்ளே ஒரு மூலையில் 'நல்லவேளை, என் பிள்ளை இல்லை' என்று ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடியது அவளுக்குத் தெரியும். அதை அவள் தனக்கு மன்னிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை நெல்சிக்கு மகனிடமிருந்து கடிதம் வந்தது. வெடித்த தேதிக்கு நாலு நாள் பிந்தி எழுதிய கடிதம். பகல் பதினொரு மணிக்குப் பழைய பாதிரியார் வந்தார். கடற்படைக்குத் தந்தி அடித்து ஆள் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். உள்ளே நுழைந்தவர் நெல்சியைப் பார்க்கவில்லை. அடுப்படியில் கரண்டியோடு நின்றவளைப் பார்த்தார்.

"எப்பி, கொஞ்சம் உக்காரும்மா."

"நான் எதுக்கு ஐயா உக்காரணும்? உக்கார வேண்டியவ அங்க இருக்கா."

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். எப்பி கரண்டியைப் பானையின் மேல் குறுக்காக வைத்தாள். சூப் பொங்காமல் இருக்கப் பானையை நகர்த்தினாள். தன் வீட்டுக்குப் போய் சன்னல் திரையை இறக்கினாள். மகன் செத்ததற்கு ஊர் இரண்டு நாள் அழுதிருக்கிறது, பக்கத்து வீட்டில் அழுதிருக்கிறது, அவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள், வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு.

யுத்தம் முடிந்தது. ஊரில் நாற்பத்தோரு பேர் திரும்பவில்லை. அதில் இருபத்தாறு பேர் மேர். அதில் மூன்று பேர் அலெக்சாண்டர் மேர்: ஒருவன் பார்ட்டன், ஒருவன் கேல், அதாவது கீரை, ஒருவன் பெல், அதாவது மணி. டூ அலிக் ஒரு காது மந்தமாகி வந்து சேர்ந்தான்.

நினைவுக் கல் வைக்க வேண்டும் என்று குழு அமைத்தார்கள். தலைவர் டல்கார்னோ. வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, மேட்டில் இருந்த கல் பங்களாவை வாங்கிக்கொண்டு வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மீனவர்களை அவருக்குப் பிடிக்கும், சுவரில் மாட்டிய படத்தை ஒருவருக்குப் பிடிப்பதுபோல. பெயர்களின் மூலத்தை ஆராய்வது அவருடைய பொழுதுபோக்கு. குளிர்காலத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் விளக்குப் படம் காட்டி ஒரு சொற்பொழிவு செய்தார்.

"மேர் சாதாரணப் பெயர் இல்லை. மலைநாட்டுப் பழைய மொழியில அது ஒரு பதவி. மன்னருடைய அதிகாரி. நீங்க எல்லாரும் அந்த வழியில வந்தவங்க" என்றார்.

கிழவர் வில்லியம், பெல் வீட்டுக்காரர், கையைத் தூக்கினார். "அந்த அதிகாரி காலையில எழுந்திரிச்சு என்ன வேலைக்குப் போவாரு ஐயா?"

"சம்மன் கொடுக்கிறது. வரி வசூல். கட்டாதவங்க பொருளை ஜப்தி செய்யறது. பொறுப்பான பதவி."

 பின்வரிசையில் யாரோ, "போச்சுடா, எண்பது வீட்டுலயும் ஜப்திக்காரன் ரத்தம்" என்றார்கள். ஊரே சிரித்துத் தீர்த்தது. டல்கார்னோவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

எப்பி நெல்சியின் காதில் சொன்னாள்: "பாத்தியாடி. படகைப் பிடுங்க வந்தவன் பேரு முன்னால போகுது. படகை விடாதவன் பேரு பின்னாலேயே போய் அவன் காலைக் கவ்வுது."

ஏப்ரல் மாதம் குழு ஊரைக் கூட்டியது. கல்லில் பெயர்கள் எப்படி வரும் என்று டல்கார்னோ வாசித்துக் காட்டினார். குடும்பப் பெயர், முதல் பெயர், அகர வரிசை. பட்டப்பெயர் வராது. அவருடைய பக்கத்தில் புதிய பாதிரியார் பெட்ரி உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இளைஞர், ஊருக்கு வந்து எட்டு மாதம்தான்.

"கருங்கல்லுல நண்டு, புறா, கீரைன்னு வெட்டி வச்சா வெளியூர்லருந்து வர்றவங்க சிரிப்பாங்க" என்றார் டல்கார்னோ.

எப்பி எழுந்தாள். "வெளியூர்க்காரங்க என் மகனைத் தேடியா வரப் போறாங்க?"

"அம்மா, இது இருநூறு வருஷம் நிக்கப் போற கல்லு."

"அதனாலதான் கேக்குறேன். இருநூறு வருஷம் நின்னு தப்பாச் சொல்லக் கூடாதில்லையா."

"தப்பு எங்க இருக்கு? மூணு அலெக்சாண்டர் மேர் இறந்தாங்க, மூணு வரி இருக்கும். யாரையும் விடலையே."

"மூணுல என் மகன் எது?"

"அது முக்கியமில்லம்மா. சாவுல எல்லாரும் சமம்."

"சமம்தான். ஒரே ஆளு இல்ல. மூணு பேரைப் பெத்தது மூணு பேரு."

சிலர் காலால் தரையைத் தட்டி ஆமோதித்தார்கள். டல்கார்னோவின் கழுத்து சிவந்தது. கோபத்தில் மனிதன் சொல்லக்கூடாததைச் சொல்வான், அவரும் சொன்னார். "உங்க விஷயத்துல அந்தப் பட்டப்பெயர் தகப்பன் வழியில வந்ததுகூட இல்லைன்னு கேள்வி."

 நெல்சி எப்பியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். எப்பி உட்காரவில்லை.

"சரியாத்தான் கேள்விப்பட்டிருக்கீங்க ஐயா. தகப்பன் வழியில வரலை. என் வழியில வந்தது. ஆறு மூப்பர் உக்காந்து கேட்டப்பவே சொல்லிட்டேன், உங்களுக்குச் சொல்ல நான் எதுக்குக் கூச்சப்படணும்? அவனுக்கு நான் வீடு குடுக்கலை, படகு குடுக்கலை. பேரு ஒண்ணுதான் குடுத்தேன். அதை ஒரு குமாஸ்தா விட்டுட்டான். என் பிள்ளை ரெண்டு நாள் பக்கத்து வீட்டுல செத்துக் கிடந்தான், நான் அங்க சூப்புக்கு உப்புப் பாத்துக்கிட்டிருந்தேன். கல்லுலயும் அவன் அப்படியே கிடக்கணுமா?"

டல்கார்னோ வருத்தம் தெரிவித்தார். பிறகு குழு வாக்கெடுத்தது. ஏழு பேரில் ஐந்து பேர் பட்டப்பெயர் வேண்டாம் என்றார்கள். பெட்ரி யார் பக்கம் கைதூக்கினார் என்று பார்க்காமலே எப்பி வெளியே வந்துவிட்டாள்.

கோடையில் எப்பி பழையபடி மீன் தொட்டியருகே நின்றாள். கத்தி ஓடியது, வாயும் ஓடியது. கல்லைத் திறக்கிற அன்று ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள், அந்தந்த வீட்டார் முன்னால் வந்து பூ வைக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். "போகாதீங்க. வெறும் மேர்னு கூப்பிட்டா யாரும் அசையாதீங்க" என்றாள். சொல்வது சுலபம். பிள்ளையைக் கடலில் விட்டவர்களுக்கு வேறு கல்லறை கிடையாது. பூ வைக்கக் கிடைத்த ஒரே இடத்துக்குப் போகாதே என்று சொல்வது கல்லில் நார் உரிக்கிற வேலை.

கேல் வீட்டுக் கிர்ஸ்டி முடியாது என்றே சொல்லிவிட்டாள். "கல்லாவது கிடைச்சதேன்னு இருக்கேன் எப்பி. உனக்கு வீம்பு. எனக்கு என் பிள்ளை பேருக்கு முன்னால ஒரு தடவை நிக்கணும், அவ்வளவுதான்."

"நில்லு. நான் வேண்டாம்னு சொல்லலை. எந்தப் பேருக்கு முன்னால நிப்பே?"

ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கல் வந்து நின்றது. துணி போர்த்துவது சனிக்கிழமைதான். எப்பி கிர்ஸ்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நடுப்பகல் வெயிலில் புதுக் கருங்கல் மினுங்கியது. இருவரும் எழுத்தைத் தேடினார்கள். அலெக்சாண்டர் மேர். அதன் கீழ் அலெக்சாண்டர் மேர். அதன் கீழ் அலெக்சாண்டர் மேர். கிர்ஸ்டி முதல் வரியில் விரலை வைத்தாள். எடுத்தாள். இரண்டாவதில் வைத்தாள். அங்கிருந்தும் எடுத்தாள். கையை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"இதுல எதுடி என் பிள்ளை?"

"அதைத்தான் நான் ஏப்ரல்லருந்து கேக்குறேன்" என்றாள் எப்பி.

அன்று சாயந்திரத்துக்குள் கிர்ஸ்டி இருபது வீடு ஏறி இறங்கிவிட்டாள். எப்பி போயிருந்தால்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது, அதனால் ஆண்கள் எல்லாரும் ஊரில் இருந்தார்கள். நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் வந்து துணியை இழுத்தார். பெட்ரி ஜெபம் சொன்னார். டல்கார்னோ தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். கவ்வி என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் போய்ப் பூ வைத்தார்கள். ஃபிண்ட்லே வீட்டார் போனார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

"மேர், அலெக்சாண்டர்."

யாரும் அசையவில்லை.

"மேர், அலெக்சாண்டர்."

கடற்காக்கை கத்தியது. 

"மேர், அலெக்சாண்டர்" என்று மூன்றாம் முறையும் வாசித்தார். இது மூன்றாவது தடவையா, மூன்றாவது ஆளா என்று அவருக்கே தெரியவில்லை. தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் பலர் கையில் பூ இருந்தது. ஆனால் கால்கள் நகரவில்லை. கிர்ஸ்டி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அது யாரு ஐயா?" என்று எப்பி கேட்டாள். "அப்படி வெறுமனே ஒரு ஆளு எங்க ஊர்ல இல்லையே."

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல், "ஆஜர்" என்றது. டூ அலிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தளபதிக்கு முன்னால் விறைப்பாக நின்றான்.

"நான்தான் ஐயா அலெக்சாண்டர் மேர். பதினேழுல ஒரு தடவை செத்தேன். எங்கம்மா ரெண்டு நாள் அழுதா, கேட்டுப் பாருங்க. இப்ப கல்லுலயும் பேரு வந்திருக்கு. இனி நான் மீன் பிடிக்கப் போகலாமா, கூடாதா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு வரிசை போய், அங்கே அழுகையாகி நின்றுவிட்டது.

"இது மரியாதை செய்ய வந்த இடம்" என்றார் டல்கார்னோ. அவர் குரலில் பலம் இல்லை.

"ஆமா. அதனாலதான் ஆளைப் பேரு சொல்லிக் கூப்பிடுங்கன்னு கேக்குறோம்" என்றாள் எப்பி.

தளபதி என்ன விஷயம் என்று பெட்ரியிடம் குனிந்து கேட்டார். பெட்ரி சொன்னார். சொல்லி முடித்ததும் அந்தப் பயந்த பிள்ளை, யாரும் எதிர்பாராததைச் செய்தது. டல்கார்னோ கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கி எப்பியிடம் நீட்டியது.

"தாளு வேண்டாம் ஐயா" என்றாள் எப்பி.

அவள் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அகர வரிசை அவளுக்குத் தெரியாது. தெரு தெரியும். மேட்டில் முதல் வீட்டிலிருந்து தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வீடு வீடாக இறங்கி வந்தாள். "ஜான் மேர், பெல். அவன் தம்பி அலெக்சாண்டர் மேர், பெல்." கிழவர் வில்லியம் இரண்டு பூவோடு நடந்தார். "வில்லியம் மேர், கோட்டு. ஜேம்ஸ் மேர், சின்ன கோட்டு." "அலெக்சாண்டர் மேர், கேல்." கிர்ஸ்டி ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். கூப்பிடக் கூப்பிட வீட்டார் வந்தார்கள். நாலு வருஷமாக யாரும் உரக்கச் சொல்லாத பெயர்கள், மணியும் கோட்டும் கீரையும், காற்றில் போய்க்கொண்டிருந்தன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

பார்ட்டன் வீடு கடலோரத்தில் கடைசி வீடு. இருபத்தாறாவது பெயர் அதுதான்.

"அலெக்சாண்டர் மேர்," என்றாள் எப்பி. கண்ணைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பார்ட்டன்."

போக வேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் கூப்பிடுகிற இடத்தில் நின்றாள், கையில் பூவும் இல்லை. பூவைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. கால் நகரவில்லை. கல்லுக்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தது.

நெல்சி வந்தாள். கடற்கரைப் பாறையில் பூக்கிற இளஞ்சிவப்புப் பூவை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தாள். அவளுக்குக் கல்லில் யாரும் இல்லை. நேராக வந்து பூவை வைத்துவிட்டு எப்பியின் முன் நின்றாள்.

"ரெண்டு நாள் அவன் எனக்குப் பிள்ளையா இருந்தான்டி. வைக்கக் கூடாதா?"

எப்பி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நாலு வருஷமும் மூன்று மாதமும் கழித்து, தன் பிள்ளைக்குத்தான் என்று தெரிந்து அழுத அழுகை அது.

அக்டோபரில் பட்டப்பெயர்களை வெட்டக் கல்தச்சர் உளியோடு திரும்பி வந்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இடம் இருந்தது. டல்கார்னோ கடைசிவரை சம்மதம் என்று சொல்லவில்லை, ஆட்சேபம் என்றும் சொல்லவில்லை. அந்த மூன்று வரியில் எதற்கு எந்தப் பெயர் என்று தச்சர் கேட்டார். எப்பி கிர்ஸ்டியை முன்னால் தள்ளினாள். கிர்ஸ்டி முதல் வரியில் விரலை வைத்தாள், இந்த முறை எடுக்கவில்லை. வில்லியம் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வரிக்கு முன்னால் எப்பி ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். தச்சர் வேலையை ஆரம்பித்து நாலு எழுத்து வெட்டியதும் நிறுத்தி, போதுமா என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"இன்னும் ஆழமா வெட்டுப்பா" என்றாள் எப்பி. "நாங்க பிடிச்சா விடுற ஆளுங்க இல்ல."